வெந்நீர் வைத்தியம்

சாப்பிட்டால் மறுநாள் வெளிக்குப் போக வேண்டியிருக்கும். அந்தப் பயத்திலேயே மரகதம் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். காலையில் இரண்டு இட்லி ஒன்றானது. மத்தியான டப்பாவில் பாதிச் சோறு திரும்பி வந்தது. சாயங்காலம் டீயும் பன்னும் போதும் என்றாள். பார்த்தவர்கள் விரதம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

1998ஆம் வருஷம், மழை ஓய்கிற சமயம். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஆறு குடித்தனங்கள் இருந்த வரிசையில் கடைசி வீடு அவளுடையது. புருஷன் இளங்கோவன் சிட்டி ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் மூட்டை தூக்குகிறவன். மகள் வீணா ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். மரகதத்துக்கு முப்பத்தாறு வயது. மைசூர் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர் வேலை. 1991இல் நூல் வெட்டும் ஹெல்பராகச் சேர்ந்தவள் இரண்டே வருஷத்தில் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். சட்டைக்குக் காலர் வைப்பதில் அந்த லைனில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் வைத்த காலரைச் செக்கிங்கில் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு லைனுக்கு நாற்பது பெண்கள். நாற்பது பேருக்கும் சேர்த்துக் கக்கூஸ் போக ஒரே ஒரு டோக்கன். சிவப்பு பிளாஸ்டிக் வட்டம். சூப்பர்வைசர் ராஜேந்திரனின் மேஜையோரம் ஆணியில் மாட்டியிருக்கும். அது ஆணியில் இருந்தால் எழுந்து போகலாம், இல்லாவிட்டால் போனவள் திரும்பும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். அதனால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் பழகிக்கொண்டார்கள். வீட்டிலும் நிலைமை அப்படித்தான். ஆறு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ். விடிவதற்கு முன்பே குடத்தோடு வரிசை நிற்கும். மரகதத்துக்கு வயிறு அசைவது காலை பத்து மணிக்கு மேல்தான். அந்த நேரத்தில் அவள் மெஷினில் இருப்பாள். அடக்கிக்கொள்வாள். ஏழு வருஷம் அப்படியே அடக்கினாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், நான்கு நாள் கட்டிக்கிடந்த வயிறு கல்லாக இறங்கியபோது உள்ளே ஏதோ கிழிந்தது அவளுக்கே தெரிந்தது. தண்ணீர் சிவந்தது. அந்த நிமிஷத்து வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது. பச்சைமிளகாயை அரைத்துப் பூசியதுபோல எரிச்சல் எடுத்து மூன்று மணி நேரம் விடவில்லை. அன்று முழுக்க இடது தொடையில் பாரத்தைப் போட்டு ஒருக்களித்து உட்கார்ந்து காலர் தைத்தாள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும்.

யாரிடம் போய் என்னவென்று சொல்வது? மருந்துக்கடையில் கூட்டம் குறையும் வரை நின்று, "மாமியாருக்கு மூலம், ஏதாவது களிம்பு குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தாள். மாமியார் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. களிம்பு ஒன்றும் செய்யவில்லை. இளங்கோவன் பக்கத்தில் வந்து படுத்தால் விலகிப் படுத்தாள். அவன் ஏதோ கோபம் என்று எண்ணி, எதற்கென்று தெரியாமலே இரண்டு மூன்று தடவை மன்னிப்புக் கேட்டான்.

கண்டுபிடித்தது வீணா. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது அம்மாவின் உள்பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இது மாசத்து ரத்தம் இல்லம்மா. அது போன வாரமே முடிஞ்சிடுச்சு, எனக்குத் தெரியும். உனக்குக் கேன்சரா?"

"வாயக் கழுவு. கேன்சராம்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு வா. இல்லன்னா நைனா கிட்ட சொல்லிடுவேன்."

அந்த மிரட்டலுக்குத்தான் பயந்து போனாள். பெரியாஸ்பத்திரியில் சர்ஜரி ஓபி. அரை நாள் வரிசையில் நின்ற பிறகு கிடைத்தது ஒரு பெண் டாக்டர் என்பதே பாதி நோய் தீர்ந்தமாதிரி இருந்தது. டாக்டர் வேதநாயகிக்கு ஐம்பது வயது இருக்கும். திரையை இழுத்துவிட்டு, மெதுவாகப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"கேன்சரும் இல்ல, மூலமும் இல்ல. வெடிப்பு. பனியில உதடு வெடிக்குதே, அதே மாதிரி ஆசனவாயில ஒரு கீறல். வலிக்குதுன்னு நீங்க அடக்குறீங்க. அடக்குனா கெட்டியாகுது. கெட்டியா வந்தா மறுபடி அதே இடம் கிழியுது. வலியில அந்தச் சதை இறுக்கிப் பிடிச்சுக்குது. இறுகுன சதையில ரத்தம் சரியா ஓடாது, அப்ப எப்படி ஆறும்?"

"ஆபரேஷனா டாக்டர்?"

"இப்ப எதுக்கு ஆபரேஷன்? நிறைய பேருக்கு அது இல்லாமலே ஆறிடும். நான் சொல்றத மட்டும் செய்யணும்."

சொன்னது எல்லாம் எளிய காரியங்கள். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர். ராகிக் களி, கீரை, பப்பாளி. ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரில் இசப்கோல் உமி. வெளிக்குப் போய் வந்ததும் ஒரு தடவை, படுக்கப் போகும்முன் ஒரு தடவை, இடுப்பு நனைகிற அளவு வெதுவெதுப்பான வெந்நீரில் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். ஒரு களிம்பு, நெஞ்சுவலிக்காரர்களுக்கு நாக்கின் அடியில் வைக்கிற மருந்தைக் குழைத்துச் செய்தது, இறுகிய சதையைத் தளர்த்தும், ஆனால் தலையை வலிக்கும்.

"முக்கியமானது ஒண்ணு. வயிறு அசைஞ்சா அடக்கக் கூடாது. வந்த நிமிஷம் போயிடணும். எட்டு வாரம் இப்படி இருங்க, பாதிக்கு மேல ஆறியிருக்கும்."

மரகதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்த நிமிஷம் போறதுன்னு கம்பெனிதான் சொல்லணும் டாக்டர்."

டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். தேவைப்படும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் அனுமதிக்க வேண்டும் என்று இங்கிலீஷில் இருந்தது. நோயின் பெயரும் இருந்தது. மரகதம் அதை நான்காக மடித்து டப்பாப் பைக்குள் வைத்துக்கொண்டாள். யாரிடமும் காட்டவில்லை.

வீட்டில் இடுப்புவலி என்று சொன்னாள். இளங்கோவன் அதற்குமேல் கேட்கவில்லை. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான். மற்றவர்கள் எழுவதற்கு முன்பே குழாயடிக்குப் போய் அவளுக்கென்று இரண்டு குடம் பிடித்து வைத்தான். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் தண்ணீர் சுட்டதும் வீணாவையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் நின்றுகொள்வான். அந்தப் பத்து நிமிஷம், பூட்டிய கதவுக்குப் பின்னால், உடம்பின் முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்வது அவளுக்குத் தெரிந்தது. சில நாள் அப்படியே கண் செருகிவிடும்.

மூன்று வாரத்தில் ரத்தம் நின்றது. எரிச்சல் மூன்று மணி நேரத்திலிருந்து அரை மணியாகச் சுருங்கியது. களிம்பு போட்ட நாட்களில் தலை பிளந்தது. மெஷினுக்கு மேலே எரியும் ட்யூப்லைட்டைப் பார்க்க முடியாது. அதனால் என்ன, தலைவலி யாரிடமும் சொல்லக்கூடிய வலி. "தலைவலிப்பா" என்று உரக்கச் சொல்லிவிட்டு ஒரு டீ வாங்கிக் குடிக்கலாம். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மீன்குழம்பு வைத்துத் தானும் சாப்பிட்டாள்.

நவம்பர் வந்தது. வெளிநாட்டில் கிறிஸ்துமஸுக்குப் போக வேண்டிய சட்டைகள். டார்கெட் ஏறியது. டோக்கன் எடுக்கிறவர்கள் பெயரை ராஜேந்திரன் நோட்டில் எழுதத் தொடங்கினான். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான். மரகதம் டாக்டர் சொன்னபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தவளுக்கு இரண்டு தடவை எப்படிப் போதும்? ஒரு வியாழக்கிழமை, பதினொன்றரைக்கு, மூன்றாம் முறையாகப் போய் அவன் மேஜை முன் நின்றாள்.

"இன்னாம்மா நீ, வேலைக்கு வந்தியா, கக்கூஸ்ல குடியிருக்க வந்தியா? காலர் இல்லாம பின்னால பதினஞ்சு பேரு சும்மா உக்காந்துங்கீறாங்க, பாரு."

"ஒடம்பு சரியில்ல சார். டாக்டர் லெட்டர் இருக்குது."

அவன் சீட்டைப் பிரித்தான். இங்கிலீஷ் அவனுக்குப் பிடிபடவில்லை. அந்தப் பக்கமாகப் போன ஆபீஸ் கிளார்க்கை நிறுத்தி, "இது இன்னா வியாதி, கொஞ்சம் சொல்லு" என்றான். கிளார்க் சின்னப் பையன். மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தி, கன்னடத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் சொன்னான். முன்வரிசை மெஷின்கள் நின்றன. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அது அடுத்த வரிசைக்குப் போனது. ராஜேந்திரனும் சிரித்தான், அவனுக்கே வெட்கமாகிவிட்டது போலிருந்தது. சீட்டைத் திருப்பி நீட்டி, "போ, போய்ட்டு வா" என்றான்.

மரகதம் போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து காலரை எடுத்தாள். பாட்டிலில் இருந்த தண்ணீரைச் சாயங்காலம் வாசலில் கொட்டினாள். மறுநாள் பாட்டில் கொண்டுபோகவே இல்லை.

பத்தாம் நாள் பழைய இடமே கிழிந்தது. இந்த முறை வலி சாயங்காலம் வரை இருந்தது. டாக்டர் வேதநாயகியிடம் போக வேண்டுமென்றால் லீவு போட வேண்டும். ஷிப்மென்ட் முடியும் வரை லீவு கிடையாது. அதோடு, சொன்னதைச் செய்யாமல் எந்த முகத்தோடு போய் நிற்பது என்றும் இருந்தது.

பக்கத்து மெஷினில் சட்டைக்குக் கை வைக்கிற சந்திரம்மா மாகடிப் பக்கத்துக் கன்னடக்காரி. வயதில் சின்னவள். அன்று சிரிக்காத சிலரில் அவளும் ஒருத்தி. மத்தியானம் சாப்பாட்டு ஷெட்டில் மரகதத்தின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்க பாவாவுக்கு, எங்க அக்கா வீட்டுக்காரருக்கு, இதே தொந்தரவு இருந்துச்சு. மெஜஸ்டிக் கிட்ட ஒருத்தரு இருக்காரு. ஆபரேஷன் பேடா, கத்தி பேடா, ஒண்ணும் வேணாம். ஒரே நாளு. ஞாயித்துக்கெழம போனா திங்கக்கெழம வேலைக்கு வந்துடலாம்."

ஒரே நாள். எட்டு வாரத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்று தெரியாமல் நின்றவளுக்கு அது போதும்.

லாட்ஜ்களுக்கு நடுவே ஒரு மாடிப்படி. மேலே, மூலம் பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணமாகும் என்று மூன்று மொழியில் போர்டு. வெள்ளைக் கோட்டுப் போட்டவன் அவளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "உள்மூலம். கருக்கி விட்டுடுவேன். மூணாம் நாள் காஞ்சு உதுந்துடும்" என்றான். டாக்டரம்மா மூலம் இல்லை என்றாரே என்று மரகதம் வாயெடுத்தாள். "பெரியாஸ்பத்திரில எல்லாம் அப்படித்தான் சொல்வாங்க" என்று முடித்துவிட்டான். திரைக்குப் பின்னால் ரெக்சின் கட்டில். ஊசி இறங்கியபோது ஒரு பெண் அலறுவது கேட்டது. அது தன் குரல் என்று தெரிய மரகதத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். உட்கார முடியாமல், ஸ்டூலின் முனையில் தொற்றிக்கொண்டு காலர் வைத்தாள். செவ்வாய்க்கிழமை சிறுநீர் இறங்கவில்லை. புதன்கிழமை காலையில் பல் கிட்டிக் குளிர் எடுத்தது. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. வீணா ஸ்டேஷனுக்கு ஓடி இளங்கோவனைக் கூட்டி வந்தாள். தெருவுக்குள் ஆட்டோ வராது. தண்டவாளத்துக்கு மேலே போகும் நடைபாலத்தில் அவன் மனைவியை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தான். மூட்டை சுமந்து பழகிய முதுகுதான். ஆனாலும் அன்று இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். அவள் உடம்பிலிருந்து வந்த வாடை எதனால் என்று அவனுக்குப் புரியவில்லை.

டாக்டர் வேதநாயகி பார்த்த உடனே நிமிர்ந்தார். "யாரு இத செஞ்சது?" மருந்து என்று ஊசியில் ஏற்றியது உள்ளே சதையைச் சுட்டுக் கருக்கியிருந்தது. சீழ் பிடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானமே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. கத்தி வேண்டாம் என்று ஓடியவளுக்கு இரண்டு தடவை கத்தி வைக்க வேண்டி வந்தது.

இருபத்து நான்கு நாள் வார்டில் கிடந்தாள். முதல் வாரம் பிழைப்பாளா மாட்டாளா என்றே யாரும் சொல்லவில்லை. இளங்கோவனுக்கு எல்லாம் அங்கேதான் தெரிந்தது. அதுவும் டாக்டர் வாய்வழியாக.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மரகதம்."

"இன்னான்னு சொல்றது?" என்று கேட்டாள். அவன் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுநாள் அவளிடம் இடத்தைக் கேட்டுக்கொண்டு அந்த மாடிப்படி ஏறிப் போனான். அறை பூட்டிக் கிடந்தது. போர்டு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். பக்கத்து அறைக்காரன், காலி செய்துவிட்டுப் போய் நாலு நாள் ஆகிறது என்றான்.

டாக்டர் ஒரு நாள் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு தனியாகத் திரும்பி வந்து கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். திட்டப்போகிறார் என்று மரகதம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எட்டு வாரம்னு நான்தான் சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. எதுக்குச் சிரிச்சீங்கன்னு நான் கேக்கல. ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா போதும்னு நெனச்சேன்."

மரகதம் கண்ணைத் திறந்தாள். "நீங்க நல்லாத்தான் பாத்தீங்க டாக்டர்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது பொங்கல் நெருங்கியிருந்தது. கம்பெனியில் பெயரை அடித்துவிட்டார்கள்; சொல்லாமல் நின்றவர்களுக்கு அதுதான் விதியாம். கருகின இடம் ஆறியபோது தழும்பு இறுகிப் பாதை சுருங்கியிருந்தது. அதை விரித்து வைக்க தினமும் ஒரு கண்ணாடிக் குச்சியை எண்ணெய் தடவிச் செலுத்திக்கொள்ள நர்ஸ் மௌரீன் கற்றுக்கொடுத்தாள். செய்யும்போது மரகதம் உதட்டைக் கடித்துக்கொள்வாள். இளங்கோவன் பழையபடி தண்ணீர் பிடித்தான், வெந்நீர் வைத்தான், மகளோடு வெளியே போய் நின்றான். வாயு பிரிவது சில சமயம் அவள் வசத்தில் இல்லை. சேலைக்குள் துணி வைத்துக்கொள்ளாமல் வெளியே கிளம்ப முடியாது. கல்யாணம், காரியம் எதற்கும் போவதை நிறுத்திக்கொண்டாள். மார்ச் மாதத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, முதலில் வந்த அந்த வெடிப்பு மட்டும் சுத்தமாக ஆறிவிட்டது என்றார். எல்லாம் அதில் தொடங்கியதுதான். மரகதம் தலையாட்டினாள்.

நெடுநேரம் உட்கார முடியாது. நின்றுகொண்டு செய்கிற வேலையாகத் தேடி, சேஷாத்ரிபுரத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டல் சமையலறையில் காய் நறுக்கப் போனாள். கம்பெனியில் வாங்கியதில் பாதிதான் சம்பளம்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திரம்மா வந்தாள். ஆஸ்பத்திரிக்கு அவள் ஒரு நாளும் வந்ததில்லை. ஆரஞ்சுப் பழங்களை வாசலிலேயே வைத்துவிட்டு நின்றாள். "உள்ள வா" என்று மரகதம் சொன்ன பிறகும் நின்றாள். பிறகு வந்து தரையில், ஒரு தொடையில் பாரம் போட்டு, ஒருக்களித்து உட்கார்ந்தாள். மரகதம் அதைப் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

சந்திரம்மா முகத்தை மூடிக்கொண்டாள். "மூணு வருஷமாச்சு அக்கா. அன்னிக்கு லெட்டர் படிச்சாங்களே, அது என்னோட வியாதி. நான் சிரிக்கல." விம்மி விம்மி அழுதாள். "பாவான்னு சொன்னது சுள்ளு, பொய். அந்த போர்டு நான் பஸ்லருந்து தெனமும் பாப்பேன். போக பயம். நீ மொதல்ல போய்ட்டு வா, நல்லா ஆச்சுன்னா நானும் போலாம்னு..."

அறைந்துவிடுவோமோ என்று மரகதமே பயந்தாள். எழுந்து போய் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும். டீயைப் போட்டு இறக்குகிறவரை அவள் திரும்பவில்லை. வீணா மூலையில் புத்தகத்தை மூடிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டம்ளரைச் சந்திரம்மாவின் முன்னால் வைத்துவிட்டு மரகதம் சொன்னாள். "எனக்கு நாளைக்கு ஓபி. அந்த டாக்டரம்மா கத்த மாட்டாங்க. தெற போட்டுத்தான் பாப்பாங்க. ஏழு மணிக்குச் சீட்டுக் குடுக்குற எடத்துக்கு வந்துடு. நான் கூட இருக்கேன்."

"வர்றேன் அக்கா. கண்டிப்பா வர்றேன்."

திங்கட்கிழமை மரகதம் ஆறே முக்காலுக்கே போய்விட்டாள். தூணோரம் நின்றபடி, வாசலில் நுழைகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். எட்டானது. கம்பெனி சங்கு ஊதுகிற நேரம் எட்டரை. அதற்குப் பிறகும் நின்றாள். பத்து மணிக்கு அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் வேதநாயகி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "கூட ஒருத்தரக் கூட்டிட்டு வர்றதா சிஸ்டர் கிட்ட சொன்னீங்களாமே?"

"லீவு கெடைக்கல போலிருக்கு டாக்டர்."

டாக்டர் திரையை இழுத்துவிட்டார். மரகதம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி, சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிப் படுத்தாள்.